சேற்றுச் சிப்பியின் கடற்பயணம்

நம் நாட்டுச் சந்தைகளில் குவித்து வைத்து விற்கப்படும் கெராங் சிப்பியை அறியாதவர் இரார். கொதிநீரில் இட்டு, ஓடு வாய்திறந்ததும் எடுத்துக் காரச் சம்பலுடன் உண்பதில் நம்மவர்க்குத் தனி விருப்பம் உண்டு. ஓட்டைப் பிளந்தால் உள்ளே குருதியைப் போன்ற செந்நீர் காணப்படும். மனிதக் குருதியைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருளே இதன் உடலிலும் உள்ளது. ஆகவே இதற்கு இரத்தச் சிப்பி என்ற பெயரும் வழங்குகிறது.

பேராக்கில் கோல செப்பெத்தாங், சிலாங்கூரில் கோல சிலாங்கூர் போன்ற ஆற்று முகத்துவாரங்களை அடுத்துள்ள சேற்றுத் திட்டுகளே இச்சிப்பியின் வாழிடம். இதற்கு நீந்தத் துடுப்பில்லை. சேற்றில் புதைந்துகொள்வதற்கு உதவும் சதைப்பற்றான உறுப்பொன்று மட்டுமே உண்டு. பிறந்த இடத்திலேயே கிடந்து, வளர்ந்து, மடிகின்ற உயிர் என்றே இதனைக் காண்போர் எண்ணுவர். ஆயினும் கடலோர மக்கள் அறிந்த செய்தி வேறு. சென்ற ஆண்டு ஒன்றுமே இல்லாதிருந்த சேற்றுத் திட்டில் இவ்வாண்டு அரிசிமணி அளவுள்ள குஞ்சுச் சிப்பிகள் பல்லாயிரமாய் மண்டிக் கிடக்கும். ஆண்டுதோறும் குஞ்சு விழுந்த மற்றோர் இடம் திடீரென்று வெறுமையாய்ப் போகும். நடமாட்டமற்ற சிப்பி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு சென்றது? நாம் இங்கு ஆராயப் புகுவது இதுவே.

1948-ஆம் ஆண்டை ஒட்டிப் பேராக் கடலோரத்தில் சிப்பி வளர்ப்புத் தொழில் தொடங்கியது. அத்தொழில் செய்வோர் குஞ்சுகளைத் தாமாக உண்டாக்குவதில்லை. இயற்கையாக விழுந்த குஞ்சுகளை வாரியெடுத்து, உரிமம் பெற்ற சேற்றுத் திட்டுகளில் தூவி, பருத்த பின்னர் அறுவடை செய்வர். நாற்று மேடை வேறொருவர் கையில் இருக்க, வயல் மட்டும் நம்முடையதாய் இருப்பது போன்றது இது. அந்த வேறொருவர் யார் என்றால், கடலேயாகும்.

நீரில் விடப்பட்ட வித்து

முதிர்ந்த பெண் சிப்பி இலட்சக்கணக்கான முட்டைகளை நீரில் வெளியிடுகிறது. ஆண் சிப்பியும் தன் விந்தணுக்களை அதே நீரில் விடுகிறது. இரண்டும் கடல்நீரிலேயே கலந்து கருவாகின்றன. ஏறத்தாழ ஒரு நாளைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஒன்று உருவாகிவிடுகிறது. இதனை அறிவியலார் ‘லார்வா’ என்பர். நாம் இளவுயிரி என்று குறிப்போம். இளவுயிரிக்கும் தாய்ச் சிப்பிக்கும் தோற்றத்தில் ஒற்றுமை குறைவு. கண்ணாடி போன்ற மெல்லிய ஓட்டுக்கு வெளியே, நுண்மயிர்கள் நிறைந்த மடல் ஒன்றை நீட்டிச் சுழற்றியபடி அது நீந்துகிறது. தன்னிலும் நுண்ணிய பாசி உயிர்களை அம்மயிர்களாலேயே வாரி உண்கிறது. இரண்டு மூன்று வாரங்கள் இவ்வாறு மிதந்த பின்னரே அதற்குப் பாதம் முளைக்கிறது. அப்போது அது அடியில் இறங்கித் தக்க சேறு கிடைத்தால் தங்கிவிடுகிறது. கிடைக்காவிட்டால் மடிந்துபோகிறது.

கெராங் சிப்பி மட்டுமன்று. நண்டு, இறால், பவளம், கடலட்டை, பவளத்திட்டு மீன்கள் முதலான கடல்வாழ் உயிர்களில் பெரும்பாலானவை இவ்வாறே தம் இளமையை மிதந்து கழிக்கின்றன. கடலின் அடித்தளத்தில் வாழும் முதுகெலும்பற்ற உயிரினங்களில் நூற்றுக்கு எழுபது இத்தகையவை என்று டென்மார்க் நாட்டு ஆய்வாளர் குன்னார் தோர்சன் 1950-இல் கணக்கிட்டுக் கூறினார்.

இத்தனை முட்டைகள் எதற்கு என்னும் ஐயம் எழலாம். பால்மரக் காட்டில் பணிபுரிவோர்க்கு இதனை விளக்குதல் எளிது. காய்கள் வெடிக்கும் பருவத்தில் கொட்டைகள் படபடவென்று தெறித்து விழுவதை நாம் அறிவோம். அவற்றுள் மரமாவது எத்தனை? நம் நாட்டுப் பால்மரங்களின் வரலாறே இதற்குச் சான்று பகரும். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். கண்ணாடிக் கூடத்தில் வைத்துப் பேணியும் நூற்றுக்கு நான்கு அளவிலேயே அவை முளைத்தன. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் இருபத்திரண்டே. காவலுடன் கப்பலேறிய விதைக்கே இந்நிலை என்றால், காவலற்ற கடலில் விடப்பட்ட முட்டையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மீன் விழுங்கும், சொறிமீன் விழுங்கும், உண்ண நுண்பாசி கிடைக்காமற் போகும், நீரோட்டம் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லும். இலட்சத்தில் ஒன்றிரண்டு தப்பினாலே போதும் என்பதுதான் இயற்கையின் கணக்கு.

அந்த ஒன்றிரண்டு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் விளைவு பெரிது. நார்வே நாட்டின் யோஹான் யோர்ட் என்னும் அறிஞர் 1914-இல் இதனைத் தெளிவுபடுத்தினார். மீன் மிகுந்தும் குறைந்தும் வருவதற்கு மீன்கள் இடம்பெயர்தலே காரணம் என்று அந்நாளில் பலரும் நம்பினர். அவரோ, மீனின் செதில்களில் உள்ள வளையங்களைக் கொண்டு வயதைக் கணக்கிட்டார். 1904-ஆம் ஆண்டில் பிறந்த ஹெர்ரிங் மீன்களே அடுத்த பல ஆண்டுகளின் பிடிப்பில் மிகுதியாய் இருந்தன! அவ்வாண்டு இளவுயிரிகள் பெருமளவில் பிழைத்தமையே அதற்குக் காரணம். முட்டை எத்தனை இடப்பட்டது என்பதைவிட, முட்டையை விட்டு வெளிவந்த இளவுயிரி முதல் சில வாரங்களை எவ்வாறு கடந்தது என்பதே பின்னாளின் மீன்வளத்தை முடிவு செய்கிறது என்று அவர் கருதினார்.

ஏறும் நேரம், இறங்கும் நேரம்

மிதக்கும் காலம் உயிருக்கு உயிர் வேறுபடும். கடற்பஞ்சைப் போலப் பாறையில் ஒட்டி வாழும் சில சிற்றுயிர்களின் குஞ்சுகள் சில மணி நேரமே நீந்தும். பவளத்தின் இளவுயிரி சில நாட்களில் தங்குமிடம் தேடிக்கொள்ளும். கோமாளி மீனின் குஞ்சுக்குப் பதினொரு நாட்கள் அளவில் ஆகும். சேற்று நண்டுக்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். சிங்கி இறாலின் இளவுயிரியோ, கண்ணாடித் தகடுபோல் தட்டையாகப் பல மாதங்கள், சில வகைகளில் ஓராண்டுக்கு மேலும், திறந்த கடலில் அலைந்து திரியும்.

நாட்கள் மிகுந்தால் தூரமும் மிகும் என்று எண்ணுவது இயல்பே. நெடுங்காலம் அறிவியலாரும் அவ்வாறே எண்ணினர். நீரோட்டம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ஓடுமாயின், இருபது நாட்களில் 480 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பார்த்தனர். கணக்கில் பிழையில்லை. ஆனால், இளவுயிரி வெறும் சருகு அன்று.

அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாய் வளர்ந்த சிறு நண்டுகள் ஓடித் திரிவதைக் கண்டிருப்போம். அவற்றின் பெண் நண்டு, கடலேற்றம் உச்சத்தை எட்டும் இரவு வேளை பார்த்தே தன் குஞ்சுகளை நீரில் உதறுகிறது. உடனே நீர் வற்றத் தொடங்கும். மீன்கள் நிறைந்த கழிமுகத்தைவிட்டு அந்த ஓட்டத்துடன் குஞ்சுகள் கடலுக்குச் சென்றுவிடுகின்றன. வளர்ந்த பின்னர் கரை திரும்புவது எப்படி? கடல் ஏறும்போது அவை மேல்நீருக்கு வந்து மிதக்கின்றன. வற்றும்போது அடிக்கு இறங்கிவிடுகின்றன. அடித்தரையை ஒட்டிய நீர் மெதுவாகவே ஓடும் என்பதால், அங்கு இறங்கியவை வெளியே இழுக்கப்படுவதில்லை. கரைப்பக்கம் செல்லும் லாரியில் மட்டும் ஏறி, எதிர்ப்பக்கம் செல்லும் லாரி வரும்போது இறங்கிக்கொள்பவன் நடக்காமலே வீடு சேர்வான் அல்லவா? அதைப் போன்றதே இது. மலாக்கா நீரிணையில் கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்றமும் வற்றமும் நான்கு மீட்டரை எட்டும். சிற்றுயிர்க்கு ஏற வண்டி குறைவில்லை.

பவளத்திட்டு மீன்களின் குஞ்சுகள் இன்னும் திறமை மிக்கவை. திட்டில் வாழும் இறால்களின் சொடுக்கொலியும் மீன்களின் முனகலும் கலந்த ஓசையைக் கேட்டு அவை வழியறிந்து வருகின்றன. 2005-இல் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் கடலில் செயற்கைத் திட்டுகளை அமைத்து, சிலவற்றில் மட்டும் அவ்வோசையை ஒலிபரப்பிப் பார்த்தனர். ஓசை எழுந்த திட்டுகளிலேயே குஞ்சுகள் மிகுதியாக வந்து சேர்ந்தன.

கண்ணுக்குத் தெரியாததைப் பின்தொடர்தல்

ஊசிமுனை அளவுள்ள உயிரைக் கடலில் எவ்வாறு பின்தொடர்வது? இவ்வியலின் வரலாற்றில் நமக்குப் பெருவியப்பை அளிப்பது இப்பகுதியே.

அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் வோகன் தாம்சன் என்னும் படை மருத்துவர் இருந்தார். மெல்லிய துணியால் வலை செய்து கடல்நீரை வடித்துப் பார்ப்பது அவர் பொழுதுபோக்கு. 1820-களில் அவ்வாறு கிடைத்த, முள் நீண்ட விந்தைப் பூச்சி ஒன்றை அவர் வளர்த்துப் பார்த்தார். அதுவரை தனி இனமாகக் கருதப்பட்ட அது, நண்டின் குஞ்சே என்று தெரியவந்தது. 1826-இல் வேறு சில சிற்றுயிர்களைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு வைத்தார். சில நாட்களில் அவை நீந்துவதை நிறுத்திக் கலத்தில் ஒட்டிக்கொண்டு கொட்டலசுகளாய் மாறியிருந்தன. படகின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் கல்லைப்போல் ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சிப்பி இனம் என்றே அறிஞர் உலகம் அதுவரை வகைப்படுத்தியிருந்தது. அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்பதை ஒரு துணிவலையும் சிறு கண்ணாடிக் கலமும் மெய்ப்பித்தன.

எந்த உயிரின் குஞ்சு என்று அறிவது ஒன்று. எந்த ஊரின் குஞ்சு என்று அறிவது மற்றொன்று. பின்னதற்கு மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. மீனின் தலைக்குள் செவிக்கல் எனப்படும் நுண்ணிய கல் உண்டு. வெட்டுமரத்தின் வளையங்களைப் போல் அதில் நாளுக்கு ஒரு வளையம் படிவதை 1971-இல் கண்டறிந்தனர். ஆகவே, ஒரு மீன் எத்தனை நாள் மிதந்தது என்பதை எண்ணிச் சொல்ல முடிந்தது. பின்னர், அக்கல்லிலேயே அடையாளமும் இடலாம் என்று கண்டனர். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்தடுப்பில் லிசார்டுத் தீவு என்ற சிறு தீவு உள்ளது. அங்கே ஒரு சிறு மீனினத்தின் ஒரு கோடி முட்டைகளை டெட்ராசைக்ளின் என்னும் மருந்து கலந்த நீரில் தோயவிட்டனர். அம்மருந்து செவிக்கல்லில் தங்கித் தனி விளக்கொளியில் மஞ்சளாய் ஒளிரும். பின்னர் தீவைச் சுற்றிக் குடியேறிய ஐயாயிரம் இளமீன்களைப் பிடித்துப் பார்த்ததில், அடையாளம் இருந்தவை பதினைந்து.

பதினைந்துதானா என்று ஏளனமாக எண்ண வேண்டா. தீவைச் சுற்றி இடப்பட்ட முட்டைகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவற்றுக்கே அடையாளமிட இயன்றது. அப்படியிருந்தும் பதினைந்து கிடைத்தன என்றால், அடையாளமிடப்படாதவற்றுள்ளும் பிறந்த தீவுக்கே மீண்டவை ஏராளம் இருத்தல் வேண்டும். குடியேறிய இளமீன்களில் நூற்றுக்கு 15 முதல் 60 வரை அத்தீவிலேயே பிறந்தவை என்று 1999-இல் வெளியான அவ்வாய்வு கணித்தது. நீரோட்டம் அனைத்தையும் அள்ளிச் சென்றுவிடும் என்ற பழங்கருத்து அன்றே ஆட்டம் கண்டது.

பாப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் நடந்த ஆய்வு இதனை உறுதி செய்தது. 2007-இல் வெளியான அம்முடிவின்படி, கோமாளி மீனின் இளமீன்களில் நூற்றுக்கு அறுபது அளவில் தாய் வாழ்ந்த சிறு தீவுக்கே திரும்பியிருந்தன. முப்பத்தெட்டு நாட்கள் மிதக்கும் வண்ணத்துப்பூச்சி மீனும் அவ்வாறே! பின்னர் மரபணுவைக் கொண்டு தாய் தந்தையரைக் கண்டறியும் முறையும் வந்தது. அத்தீவில் பிறந்த கோமாளி மீன்களுள் சில, 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறு திட்டுகளில் குடியேறியிருந்ததும் 2009-இல் தெரிந்தது. சொந்த ஊரில் தங்குவோர் பாதி. அயலூர் சென்று குடும்பம் அமைப்போர் மீதி. மனிதர் வாழும் ஊர்களின் கதையும் ஏறக்குறைய இதுதானே!

நம் நீரிணையில்

மலாக்கா நீரிணையில் ஏற்றவற்றம் எவ்வளவு இருப்பினும், மொத்தத்தில் நீர் வடமேற்காக அந்தமான் கடலை நோக்கியே நகர்கிறது. கிழக்குக் கரையில் அவ்வாறன்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர் தெற்காகவும், தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்காகவும் ஓடும். சிங்கப்பூர்க் கடலில் பவளங்கள், ஏப்ரல் மாதப் பௌர்ணமியை அடுத்த மூன்றாம் இரவு முதல் ஐந்தாம் இரவு வரை, ஒருசேர முட்டையிடுவதை 2002-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலம் அது.

ஆகவே, ஓர் ஊரின் சேற்றுத் திட்டுக்கு வித்து அனுப்பும் தாய்த்திட்டு அவ்வூரிலேயே இருக்கலாம். பல கிலோமீட்டர் அப்பாலும் இருக்கலாம். வித்தை வழங்கும் திட்டுகளும் உண்டு. பெறுவதன்றித் தர இயலாத திட்டுகளும் உண்டு. வழங்கும் திட்டை அழித்துவிட்டால், அங்கு மட்டுமன்றி, எவ்விதத் தவறும் செய்யாத வேறோர் ஊரிலும் அறுவடை பொய்க்கும். காரணம் இன்னதென்றும் அவ்வூரார்க்கு விளங்காது.

நம் நாட்டின் சிப்பி விளைச்சல் 1980-இல் இலட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 2005-க்குப் பின்னர் அது சரிந்து, அடுத்த பத்தாண்டுகளில் பழைய அளவின் ஒரு சிறு பங்காகிவிட்டது. குஞ்சு விழுவது அருகிப்போனதே தொழிலாளர்களின் முதல் முறையீடு. நீர் மாசு, அளவு மீறிய அறுவடை, குஞ்சுகளையும் வாரி விற்றல், கரையோர மாற்றங்கள் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்றன்மேல் மட்டும் பழிபோட நாம் துணியமாட்டோம்.

எனினும், நீர் மாசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், தோட்டப்புறத்துக்கும் கடலுக்கும் உறவு அதன்வழி உண்டாகிறது. வளர்ந்த சிப்பி, நீர் கெட்டால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில காலம் தாக்குப்பிடிக்கும். இளவுயிரிக்கு அத்தகைய காப்பில்லை. நச்சுப்பொருள் நீரில் கலந்துள்ளதா என்று சோதிக்கச் சிப்பி இனங்களின் இளவுயிரிகளையே ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகின்றனர் என்றால், அவற்றின் மென்மை எத்தகையது என்பது விளங்கும். முன்னாளில் பால் காய்ச்சும் ஆலைகளின் அமிலமும் அம்மோனியாவும் கலந்த கழிவுநீர் நேரே ஆற்றில் விடப்பட்டது. செம்பனை ஆலைகளின் கழிவும் அவ்வாறே. அவை ஆற்றுநீரின் உயிர்க்காற்றை உறிஞ்சிவிட்டன. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், செம்பனை ஆலைகளுக்கு 1977-இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978-இலும் விதிகள் வகுக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. ஆனால் கால்வாயோரம் களைக்கொல்லித் தோம்பைக் கழுவி ஊற்றுவதை எந்த ஆலை விதியும் தடுக்காது. அந்நீர் ஓடையில் கலந்து, ஆற்றில் இறங்கி, சிப்பிக் குஞ்சுகள் மிதக்கும் முகத்துவாரத்தில்தான் போய்ச் சேரும். தோம்பைக் கழுவிய நீரை மருந்து தெளிக்கும் கலத்திலேயே ஊற்றிப் பயன்படுத்திவிடுவது நல்லது.

கடல்நீர் வெப்பமாவதும் கவனிக்கத்தக்கது. நீர் சூடேறினால் இளவுயிரி விரைந்து வளரும். மிதக்கும் நாட்கள் குறையும். செல்லும் தூரமும் சுருங்கும். இதுநாள்வரை ஒன்றுக்கொன்று வித்து அனுப்பி வாழ்ந்த திட்டுகள் உறவறுந்து தனித்துப்போக இது வழிசெய்யக்கூடும். இதற்கு நேர்மாறான இடரும் உள்ளது. பெருங்கப்பல்கள் நிலைகுலையாதிருக்க அடித்தொட்டியில் கடல்நீரை நிரப்பிச் செல்கின்றன. அந்நீரோடு அயற்கடல் இளவுயிரிகளும் ஏறிக்கொள்கின்றன. ஐரோப்பாவின் வரிச்சிப்பி இவ்வாறே வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குச் சென்று, 1988-இல் அங்குக் கண்டறியப்பட்டது. பின்னர் அது குடிநீர்க் குழாய்களை அடைத்துப் பெருந்தொல்லை விளைத்தது. கப்பல்கள் அந்நீரைத் தூய்மை செய்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்னும் உலக ஒப்பந்தம் 2004-இல் உருவாகி, 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

தாய்த்திட்டுகளைக் காப்பதால் மீனவர்க்குப் பயன் உண்டா என்னும் வினாவுக்கும் இன்று விடை உள்ளது. ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் பவளத்திட்டுப் பரப்பில் நூற்றுக்கு 28 பங்கு மட்டும் மீன்பிடிக்கத் தடை செய்யப்பட்டிருந்தது. முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் குடியேறிய இருவகை மீன்களின் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி, அச்சிறு பகுதியிலிருந்தே வந்தவை என்று 2012-இல் மரபணு ஆய்வு காட்டியது. அக்குஞ்சுகள் தடையில்லாத திட்டுகளிலும் குடியேறின. அங்கு வலைவீசுவோர்க்கும் பயன் தந்தன.

நம் நாட்டில் ரெடாங், தியோமான், பாயார் முதலிய தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவை பவளம் வளரும் தெளிந்த நீர்ப்பகுதிகள். பேராக்கில் 1902 முதல் பேணப்பட்டு வரும் மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது; நண்டுக்கும் இறாலுக்கும் அது நாற்றங்கால். ஆனால் அக்காட்டுக்கு வெளியே, கலங்கிய நீருக்கு அடியில், கெராங்கின் தாய்ச் சிப்பிகள் கிடக்கும் சேற்றுத் திட்டுகள் கண்ணுக்கு அழகானவை அல்ல. அவற்றுள் எத்திட்டு எத்திட்டுக்கு வித்து அனுப்புகிறது என்று கண்டறிந்து, வழங்கும் திட்டுகளில் சிலவற்றையேனும் அறுவடையின்றி விட்டுவைத்தல் இனிச் செய்ய வேண்டிய பணியாகும்.